மூன்றாவது லைன் நிற்கும்போது

ஜூன் 3, செவ்வாய்

காலை 5.50 கம்பெனி பஸ். தாம்பரத்திலிருந்து ஒரகடம் வரை ஐம்பது நிமிடம். எனக்கு அதுதான் பாட்டுக் கேட்கும் நேரம். இன்று பதினேழு புதுப் பாட்டுகள். பதினைந்து குப்பை. நாகர்கோவில் பையன்கள் நான்கு பேர் 'மழைநாள் வகுப்பு' என்று ஒரு ராக் குழு வைத்திருக்கிறார்கள். கிட்டார் பிரமாதம், பாடுகிறவனுக்குத்தான் தொண்டையில் சளி. போன மாதமும் அதே சளி.

பதினேழாவது பாட்டு 'உப்புத்தாள்' என்ற பெயரில் யாரோ போட்டது. படம் இல்லை, ஊர் இல்லை. பாட்டின் பெயர் 'எட்டு மணி நேரம்'. இதுவரை கேட்டவர்கள் பதினான்கு பேர். எலக்ட்ரானிக். டக், டக் என்று இரும்பின் மேல் இரும்பு விழுகிற அடி. அதன் மேல் ஏழு ஸ்வரத்தில், சாவி கொடுத்த பொம்மைப் பெட்டி மாதிரி ஒரு சின்ன மெட்டு, திரும்பத் திரும்ப. பின்னால் ஒரு பெண் குரல், இழுத்துக் கனமாக்கிய குரல், எண்ணிக்கொண்டே போகிறது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பது வரவே இல்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "மேடம், எல்லாரும் எறங்கியாச்சு" என்றார்.

மாலையில் கேஸ் புக் செய்தேன்.

ஜூன் 6, வெள்ளி

இன்றோடு 'முதல் காது' டெலிகிராம் சேனலுக்கு நான்கு வயது. 1,204 பேர். வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து பாட்டு. முந்நூறு பேருக்கு மேல் கேட்ட பாட்டைத் தொடமாட்டேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்பேன்: பஸ்ஸில் ஒன்று, ஹெட்போனில் ஒன்று, அடுப்படியில் குக்கர் விசிலுக்கு நடுவில் போன் ஸ்பீக்கரில் ஒன்று. குக்கரைத் தாண்டி நிற்கிற பாட்டுதான் பாட்டு.

சேனலை நடத்துவது நான் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் "அண்ணா", "தலைவா" என்றுதான் எழுதுகிறார்கள். நல்ல ரசனை உள்ளவன் ஆம்பளையாகத்தான் இருப்பான் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். கம்பெனியில் நான் எச்.ஆர். உதவி மேலாளர் ஹெப்சிபா. ஷூ போடாமல் வந்தவளைத் திட்டுகிற ஹெப்சி மேடம். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தால் இரண்டு பக்கமும் மரியாதை போய்விடும்.

உப்புத்தாளுக்கு முதல் இடம். என் வழக்கப்படி 'இந்தச் சத்தம் எங்கிருந்து' பகுதியும் எழுதினேன். சேனலின் பேரே அதில்தான் இருக்கிறது. பாட்டில் என்ன சத்தம் இருந்தாலும் அது எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுவேன். சொன்னது தவறென்றால் அடுத்த வெள்ளி எல்லோர் முன்னாலும் திருத்தம் போடுவேன். நான்கு வருடத்தில் ஆறே திருத்தங்கள். இன்று எழுதியது: 'மெட்டு, சாவி கொடுத்தால் பாடும் பொம்மைப் பெட்டி.'

ஜூன் 8, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்து துணி துவைத்தேன். உப்புத்தாளிடமிருந்து செய்தி. "அண்ணா, இது நெஜமா? தொள்ளாயிரம் பேரு கேட்டுருக்காங்க. எங்க வீட்ல யாருக்கும் தெரியாது, நான் பாட்டு பண்றேன்னே தெரியாது." பெண் பிள்ளை என்று எழுத்திலேயே தெரிந்தது. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். ஹாஸ்டலில் குளிக்க வரிசையில் நிற்கும்போது, போனில், பதினோரு மாதமாக. ஆச்சரியத்தில் துணியைக் காயப்போட மறந்துவிட்டேன்.

ஆறுமுகம் என்று ஒரு ஆள் கமெண்டில் உட்கார்ந்திருக்கிறார், எதற்கும் மறுப்பு. "பொம்மைப் பெட்டி இல்ல தலைவா, தொறந்தா பாடுற பொறந்தநாள் வாழ்த்து அட்டை. காது வீக்காயிடுச்சு போல." நாற்பது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். நாற்பது பேர்!

ஜூன் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

கையுறைப் புகார் விசாரிக்க, மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்குப் போயிருந்தேன். வருடத்துக்கு நாலு தடவை கூட நான் உள்ளே போவதில்லை. மூன்றாவது லைனில் ஒரு பெண், ஏதாவது தவறென்றால் லைனை நிறுத்தும் கயிற்றை இழுத்தாள். லைன் நின்றது. மேலே ஸ்பீக்கரில் அந்த மெட்டு. ஏழே ஸ்வரம். எந்த லைன் நின்றது என்று சூப்பர்வைசருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிய, லைனுக்கு ஒரு மெட்டு வைத்திருக்கிறார்கள். பின்னாலேயே வயர் முனையில் உலோகத்தை அழுத்துகிற மெஷின். டக், டக்.

பொம்மைப் பெட்டியும் இல்லை, வாழ்த்து அட்டையும் இல்லை. எங்கள் கம்பெனி! புல்லரித்துவிட்டது. சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறேன் போல, சூப்பர்வைசர் "என்ன மேடம்?" என்று ஒரு மாதிரி பார்த்தார்.

ஃப்ளோருக்குள் தொழிலாளிகள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். எப்படிப் பதிந்தாளோ. கெட்டிக்காரி.

ஜூன் 13, வெள்ளி

ஏழாவது திருத்தம்: 'போன வாரம் நான் சொன்னது தவறு. ஆறுமுகம் சொன்னதும் தவறு. அது ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டுச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மூன்றாவது லைன் நிற்கும்போது ஒலிக்கும் மெட்டு. அடி, அங்கேயே ஓடும் அழுத்து மெஷின். என் காதால் கேட்டு உறுதி செய்தது.'

கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. அதனால் ஒன்றும் ஆகாது.

ஜூன் 14, சனி

ஆறுமுகம் "தலைவா, சரண்டர்" என்று எழுதிவிட்டார். மதியம் எனக்கு நானே பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

பத்தரைக்கு சுந்தரவரதன் சார் கூப்பிட்டார். எச்.ஆர். தலைவர், ரிட்டயர் ஆக இரண்டு வருடம். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். மேஜையில் ஒரு தாள். என் திருத்தம், பிரிண்ட் எடுத்தது. மஞ்சள் மார்க்கரால் 'மூன்றாவது லைன்' மேல் கோடு.

"படிங்க ஹெப்சி."

படித்தேன். நானே எழுதியதை முதல் தடவை படிப்பவள் மாதிரி நிதானமாகப் படிக்க வேண்டியிருந்தது.

"நம்மகிட்ட வாங்குற கார் கம்பெனிக்காரன் அனுப்பிருக்கான். நாலு நிமிஷப் பாட்டுல பதினோரு தடவை லைன் நிக்குதாம். ஏன் இவ்ளோ தடவை நிக்குதுன்னு விளக்கம் கேக்கறான்."

"சார், அது ஒரே சத்தத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்காங்க. லூப்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டுல... அப்படித்தான சார் செய்வாங்க."

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் என் போன் அதிர்ந்தது. திரை மேல்பக்கம். 'உப்புத்தாள்: அண்ணா ஒரு அவசரம்'. சார் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் கவிழ்த்தேன்.

"ரெண்டு பேரைக் கண்டுபிடிக்கணும். உள்ள ரெக்கார்ட் பண்ணவ. வெளில எழுதுனவன். முதல்ல உள்ள இருக்கறவ. உங்க பொறுப்பு."

வெளியே வந்து பாத்ரூமில் நின்று திருத்தத்தை அழித்தேன். யாரோ வேலை மெனக்கெட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என்ன ஜென்மங்களோ.

ஜூன் 18, புதன்

உப்புத்தாள் எழுதியதை அப்படியே எடுத்து வைக்கிறேன்.

"அண்ணா எங்க லைன்ல விசாரிக்கறாங்க. போன் கொண்டு போனது தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிருவாங்க, ஹாஸ்டலையும் ஒரு மணி நேரத்துல காலி பண்ணணும். ட்ரெய்னிங் மூணு வருஷம் முடிய இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. முடிச்சாத்தான் சர்டிபிகேட். இல்லன்னா ரெண்டே கால் வருஷம் உழைச்சது மண்ணு. எங்கப்பா மாப்ள பாத்து வச்சிட்டு எப்படா வருவான்னு ரெடியா இருக்காரு."

"எப்படிப் பதிந்தாய்?"

"பழைய பட்டன் போனு. சாப்பாட்டுப் பைல, ஊறுகா டப்பாக்குள்ள. எங்க எச்.ஆர். மேடம் ஒண்ணு இருக்குண்ணா, அதுதான் தேடுதாம். அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல. போன வாரம் எங்க லைன் பக்கம் வந்து நின்னு சிரிச்சுச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு."

அவள் பெயரைக் கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. எனக்கும்.

"பயப்படாதே" என்று எழுதினேன். "பாட்டை எடுத்துடட்டுமா அண்ணா?" என்றாள். இப்போது எடுத்தால் குற்றம் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும், இருக்கட்டும் என்றேன். அது அவளுக்காகச் சொன்னதா, பாட்டு போய்விடக் கூடாதே என்று சொன்னதா, எனக்கே நிச்சயமில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்று பட்டியல் போடாவிட்டால் சந்தேகம் வரும். போட்டேன். சுந்தரவரதன் சாரும் இப்போது சேனலில் இருக்கிறார், 1,205-ஆவது ஆளாக. ஐந்தில் மூன்று பாட்டை நான் முழுதாகக் கூடக் கேட்கவில்லை. புதுச்சேரிக் குழு ஒன்று, நல்ல குழு, அவர்களைப் பற்றி இரண்டு வரி சும்மா அடித்துவிட்டேன். அவர்கள் நன்றி சொல்லி இதயம் அனுப்பினார்கள். அசிங்கமாக இருந்தது.

ஜூன் 23, திங்கள்

சாருடைய யோசனை: மூன்றாவது லைன் பெண்கள் முப்பத்தெட்டு பேரையும் ஒவ்வொருவராகப் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டு லேப்டாப்பில் பாட்டைப் போடுவது. "செஞ்சவ முகம் காட்டிக் குடுத்துரும். நீங்க முகத்தை மட்டும் பாருங்க" என்றார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

முதல் பெண் அரை நிமிடத்தில் சிரித்துவிட்டாள். "ஐயோ, நம்ம லைனு மேடம்!" இரண்டாமவள் மேஜைக்கு அடியில் காலால் தாளம் போட்டாள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள், முடிந்ததும் "இன்னொரு தடவ போடுவீங்களா?" என்று கேட்டாள். சார் முறைத்தார். நான்கு வருடம் யார் யாருக்கோ பாட்டு அனுப்பியிருக்கிறேன், ஒரு பாட்டு ஒருவர் முகத்தில் போய் இறங்குவதைக் கண்ணால் பார்த்தது இன்றுதான். பார்த்திருக்க வேண்டிய இடம் இது இல்லை.

பதினெட்டாவது, செவ்வந்தி. அரியலூர்ப் பக்கம். இருபது வயது இருக்கும். ஒல்லி. விரல் நுனிகளில் பிளாஸ்டர். உட்கார்ந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு ஓடியது. முகத்தில் ஒன்றுமே இல்லை, சுவர் மாதிரி. தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும், புருவத்தைச் சுருக்கினாள்.

"மேடம், இந்த ஸ்பீக்கர்ல அடிச் சத்தமே கேக்கல."

ஒரு நாள் கூட எனக்கு அறிமுகமில்லாத இந்தப் பெண்ணை அந்த நொடியில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பதினோரு மாதம் செய்ததை இவ்வளவு மட்டமாகப் போட்டுக் காட்டுகிறார்களே என்று அவளால் பொறுக்க முடியவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"என்ன சொல்ற?" என்றார் சார்.

நான் குறுக்கே விழுந்தேன். "லேப்டாப் சரியில்லன்னு சொல்றா சார். காலைலருந்து எல்லாரும் அதான் சொல்றாங்க."

யாரும் சொல்லவில்லை. சார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் தாளில் ஒரு பெயருக்கு நேரே சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். பிறகு மீதி இருபது பேருக்கும் பொறுமையாகப் பாட்டுப் போட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

"அந்த அரியலூர்ப் பொண்ணுதான்" என்றார் சார். "பாட்டுல எது கேக்கலன்னு அவளுக்கு எப்படித் தெரியும் ஹெப்சி? முன்னாடி கேட்டவளுக்குத்தான் தெரியும். நான் பாட்டுக் கேக்கறவன் இல்ல, ஆனா ஆளுங்களைப் பாத்தவன்."

"சந்தேகம்தான சார். ஆதாரம்..."

"ட்ரெய்னிக்கு ஆதாரம் எதுக்கு? நடத்தை சரியில்லன்னு ஒரு வரி போதும். லெட்டர் அடிங்க. வியாழக்கிழமை குடுத்துரலாம்."

அடித்தேன். இந்த மாதிரிக் கடிதம் எத்தனையோ அடித்திருக்கிறேன், ஏற்கெனவே இருக்கிற கடிதத்தில் பெயரை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை. இன்று நாற்பது நிமிடம் ஆயிற்று.

மாலை அவளிடமிருந்து: "அண்ணா ஒரு முட்டாத்தனம் பண்ணிட்டேன். வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கல."

பால் திரிந்துவிட்டது. வேறு வாங்கவில்லை.

ஜூன் 25, புதன்

காலை ஒன்பது மணி. கடிதத்தைக் கொண்டுபோய் சார் மேஜையில் வைத்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

"சார், அது நான் ரெக்கார்ட் பண்ணது."

பேனா நின்றது. "ரொம்ப நல்லவளா ஆகாதீங்க ஹெப்சி. எனக்கும் பொண்ணு இருக்கா. பாவம் பாத்தா கம்பெனி நடத்த முடியாது."

போனை எடுத்தேன். 'முதல் காது' நிர்வாகப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். அழித்த திருத்தத்தின் நகல், உறுப்பினர் பட்டியல், அதில் அவருடைய பெயர். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நீங்களா?"

"நான்தான் சார். நாலு வருஷமா."

"பாட்டு?"

"பாட்டும் நான்தான். எனக்கு உள்ள போன் கொண்டு போக அனுமதி இருக்குல்ல. போன வருஷம் ட்ரெய்னிங் வீடியோ எடுத்தப்ப, அப்புறம் புகார் விசாரிக்கப் போனப்ப. கொஞ்சம் கொஞ்சமாப் பதிஞ்சேன்."

முதல் பாதி உண்மை என்பதால் பின்பாதியும் செல்லுபடியாகிவிட்டது. பதினைந்து வருடமாக அடுத்தவர் பொய்யைப் பிடிக்கிற வேலை செய்தவளுக்குப் பொய் சொல்லத் தெரியாதா என்ன.

"ஏம்மா?" என்றார். முதல் தடவை அம்மா போட்டார். பிறகு பழைய குரலுக்குத் திரும்பினார். "ரிசைன் பண்ணிருங்க. இன்னிக்கே. சேனல் விஷயத்தை நான் வெளில சொல்லல, எச்.ஆரே எழுதுச்சுன்னா எனக்கும் கேவலம். பாட்டு விஷயத்தை வாங்குறவனுக்குச் சொல்லியாகணும்." செவ்வந்தியின் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, சுமை இறங்கியது மாதிரி இருந்தது. நல்லது செய்துவிட்டேன் என்று கூட ஷேர் ஆட்டோவில் இரண்டு தடவை நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

வீட்டில் இருந்தேன். வேலை நாளில் பகல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் செய்தி வந்தது.

"அண்ணா, அந்த மேடம் தான்தான் பாட்டு பண்ணதாச் சொல்லிருச்சாம். வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களாம். எல்லாரும் நீ தப்பிச்சடின்றாங்க. எனக்கு வயிறு எரியுதுண்ணா. அதுக்கு என்ன தெரியும்? அந்தக் கொரல எத்தன நாளு இழுத்து இழுத்துப் பாத்தேன்? நாப்பது வரக்கூடாதுன்னு ஒரு மாசம் யோசிச்சேன். அது நோகாம நான்தான்னு சொல்லிட்டுப் போயிருச்சு. அஞ்சு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் பெரிய சார் ரூமுக்குப் போறேன். என் பாட்டுன்னு சொல்லப்போறேன். போனாப் போகட்டும் சர்டிபிகேட்டு."

உடனே எழுதினேன்: "போகாதே." எழுதினேன்: "அந்த மேடம் உனக்காகத்தான் அப்படிச் சொன்னார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதே கேள்வியைச் சாரும் கேட்டார். அன்றைக்கு மழுப்பினேன். இன்று மழுப்ப முடியாது.

"செவ்வந்தி, நான் அண்ணன் இல்லை. நான்தான் ஹெப்சி."

படித்துவிட்டாள் என்று காட்டியது. எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள். நன்றி என்று வரும் என்று எதிர்பார்த்தேன். வெட்கம் கெட்டு அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"அப்ப மூணாவது லைனுன்னு எழுதுனதும் நீங்கதானா?"

பெயரைச் சொல்லவில்லையே என்று தட்டினேன், அழித்தேன். ஆறுமுகம் சீண்டியதால் என்று தட்டினேன், அழித்தேன். இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று தட்டினேன். அதுவும் பொய். ஃப்ளோரில் நின்றபோதே ஒரு கணம் நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் போட்டேன். நான் சொன்னது சரி என்று நாற்பது பேருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ஆமாம்" என்று அனுப்பினேன்.

"வெளியாளு யாரோ காதாலயே கண்டுபுடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன் மேடம். பயமா இருந்தாலும் உள்ளுக்குள்ள பெருமையா இருந்துச்சு. நீங்க எங்க லைன்ல நின்னு, எங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போயி எழுதிருக்கீங்க."

அடுத்த நிமிடமே உப்புத்தாள் சேனலை விட்டு வெளியேறிவிட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் செய்து, வேறு ஏதோ கேட்பது மாதிரிக் கேட்டேன். செவ்வந்தி காலையில் வழக்கம்போல வேலைக்குப் போயிருக்கிறாள். நேற்று யார் ரூமுக்கும் போகவில்லை. போதும், அது போதும்.

ஐந்து பாட்டு போட வேண்டிய நாள். போடவில்லை. 'எட்டு மணி நேரம்' மறுபடி கேட்கலாம் என்று அவளுடைய பக்கத்துக்குப் போனேன். பக்கமே இல்லை. எல்லாவற்றையும் அழித்திருக்கிறாள். எத்தனையோ பேர் அனுப்பிய இணைப்புகளும் அந்தப் பக்கத்துக்குத்தான் போகும், இனி எதுவும் திறக்காது. நான் எந்தப் பாட்டையும் பிரதி எடுத்து வைப்பதில்லை, செய்தவர்களுக்குக் கேட்பவர் கணக்கு ஏற வேண்டும் என்று.

ஒரே ஒரு பிரதி இருக்கிறது. விசாரணைக்காகக் கம்பெனி லேப்டாப்பில் இறக்கி, கோப்போடு சேர்த்தது. சுந்தரவரதன் சார் நேற்று கோப்பை மூடி, எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறார். இணைப்பு ஒன்று, ஒலிப்பதிவு, நான்கு நிமிடம். உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர்.